நிற்கும் வண்டியும் மூப்படையும்



நாம் தோட்டத்து லயங்களில் பிறந்து வளர்ந்தவர்கள். வீடு என்றால் ஓரிடத்தில் நிற்பது, வண்டி என்றால் ஓடுவது என்றே பழகியவர்கள். வீடும் வண்டியும் ஒன்றாகவே இருக்கும் ஒரு பொருளைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கிறோம். அதை 'மோட்டார்ஹோம்' என்கிறார்கள். படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, கழிப்பறை, குளிர்பதனப் பெட்டி, குளிரூட்டி எல்லாம் ஒரே வண்டிக்குள் அடங்கியிருக்கும். நாம் அதைச் சக்கர வீடு என்று அழைப்போம்.

"அது பணக்காரர்களின் விளையாட்டுப் பொருள் ஆயிற்றே, தோட்டப்புற மக்களுக்கு அதில் என்ன வேலை?" என்று நீங்கள் கேட்கலாம். புதிய வண்டியைப் பொறுத்தவரை நீங்கள் கேட்பது சரிதான். ஆனால், பணக்காரர் பயன்படுத்திச் சலித்த பழைய வண்டி ஒருநாள் விலை குறைந்து நம் வாசலுக்கு வந்து நிற்கிறது. நம் பிள்ளைகளில் பலர் இன்று சுங்கைப்பட்டாணிப் பட்டறைகளிலும் கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்காவின் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறார்கள். இயந்திரம் அவர்களுக்குப் புதிதன்று. பெரியவர்களின் கையில் சேமநிதிப் பணம் வருகிறது. இரண்டும் சேரும் இடத்தில், "வாங்கினால் என்ன?" என்ற ஆசை பிறக்கிறது. அந்த ஆசை எங்களுக்கும் பிறந்தது.

நாங்கள் நான்கு குடும்பத்தினர். ஒரே தோட்டப் பள்ளியில் படித்தவர்கள். தைப்பூசத்திற்குத் தண்ணீர்மலைக்கும், விடுமுறைக்கு கடாரத்து மண் பார்க்க மெர்போக் பக்கமும், உறவினர் திருமணங்களுக்கும் ஒன்றாகப் போய்வர ஒரு வண்டி வேண்டும் என்று பணம் சேர்த்தோம். சிறு லோரிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்ட பழைய சக்கர வீடு ஒன்று விலைக்கு வந்தது. சில ஆண்டுகளாக ஓடாமல் ஒரு கொட்டகை ஓரத்தில் நின்றிருந்த வண்டி. மீட்டர் காட்டிய தூரமோ மிகக் குறைவு. "ஓடவே இல்லை, புதுசு மாதிரி" என்றார் விற்றவர். நாங்களும் நம்பினோம். அவர் பொய் சொல்லவில்லை. வண்டி ஓடவில்லை என்பது உண்மைதான். ஓடாததே அதன் நோய் என்பதை அன்று நாங்கள் அறிந்திருக்கவில்லை.

அந்த ஒரு பாடத்தைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம். ஓடும் வண்டி தூரத்தால் தேய்கிறது. நிற்கும் வண்டி நாளால் தேய்கிறது. சக்கர வீடு ஆண்டில் சில வாரங்கள் ஓடி, மற்ற நாளெல்லாம் நிற்பது. ஆகவே அதன் பராமரிப்பை மீட்டரைப் பார்த்துச் செய்யக்கூடாது; நாட்காட்டியைப் பார்த்துச் செய்ய வேண்டும். உங்கள் வீட்டு வாசலில் தார்ப்பாய் போர்த்தி நிற்கும் பழைய வேனுக்கும் காருக்கும் இதே விதிதான்.

வண்டி வந்ததும் நாங்கள் முதலில் செய்தது என்ன தெரியுமா? திரைச்சீலை மாற்றினோம். மெத்தைக்கு உறை தைத்தோம். வெளியே புதுச்சாயம் பூசினோம். கையிலிருந்த பணத்தில் பெரும்பகுதி அதிலேயே கரைந்தது. பிறகு தைப்பூசத்திற்குப் புறப்பட்டோம். பட்டர்வொர்த்தை நெருங்கும்போது பின்பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. இடது பின்சக்கரத்தின் டயரில் மேல்தோல் உரிந்து, சக்கரத்தின் மேல்தகட்டைக் கிழித்து, அடியில் சென்ற தண்ணீர்க் குழாயையும் அறுத்துவிட்டது. ஓட்டிய தம்பி நிதானமானவர். பிரேக்கை ஓங்கி மிதிக்காமல், திசைமாற்றியை இறுகப் பிடித்து, வண்டியைத் தானாக வேகம் குறையவிட்டு ஓரங்கட்டினார். உள்ளே குழந்தைகள் உட்படப் பதினொரு பேர். யாருக்கும் அடிபடவில்லை. அன்று சாலையோரத்தில் நின்றபடிதான் எங்கள் படிப்பு தொடங்கியது.

அந்த டயரில் வரிப்பள்ளம் ஆழமாகவே இருந்தது. அப்படியிருந்தும் ஏன் கிழிந்தது? இதை நமக்குச் சொல்லித் தர வேறு யாரும் வேண்டாம்; பால் மரம் சீவிய கைகள் நம்முடையவை. 1839-ஆம் ஆண்டில் சார்லஸ் குட்இயர் என்ற அமெரிக்கர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதிப்படும் என்று கண்டார். அப்படி உறுதிப்பட்ட ரப்பரையும் வெயிலும் காற்றிலுள்ள ஓசோனும் மெல்ல மெல்ல வெடிக்கச் செய்கின்றன. அதைத் தடுக்க டயர் ரப்பரில் ஒருவகை மெழுகும் மருந்தும் கலக்கிறார்கள். சக்கரம் உருண்டு டயர் நெளியும்போதுதான் அந்த மருந்து நன்றாக மேல்தோலுக்கு வருகிறது. உருளாத டயருக்கு அந்தப் பாதுகாப்புக் குறைகிறது.

ஆகவே டயரின் வயதைப் பாருங்கள். அதன் பக்கவாட்டில் 'டாட்' என்ற ஆங்கில எழுத்துகளை அடுத்து வரும் வரிசையின் கடைசியில் நான்கு எண்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 2309 என்றிருந்தால் 2009-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்தது என்று பொருள். ஆறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டு ஆனதை, எவ்வளவு அழகாக இருந்தாலும், கழற்றிவிட வேண்டும். மாற்று டயருக்கும் இதே கணக்குத்தான்.

அடுத்தது பாரம். நூறு லிட்டர்த் தண்ணீர் என்றால் நூறு கிலோ. அரிசி மூட்டை, அண்டா, எரிவாயு உருளை, பதினொரு பேர் என்று நாங்கள் கணக்கில்லாமல் ஏற்றியிருந்தோம். ஒவ்வொரு வண்டிக்கும் இவ்வளவு எடைதான் தாங்கும் என்ற வரம்பு உண்டு. அது சட்டத்தில் பொருத்திய தகட்டிலோ பதிவுத்தாளிலோ இருக்கும். செம்பனை ஆலையில் லோரியை நிறுக்கும் தராசை நம்மவர்கள் அறிவார்கள். அத்தகைய தராசில் அனுமதி கேட்டு, முழுப் பாரத்தோடு ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். எத்தனை இருக்கைக்குப் பதிவு உள்ளதோ அத்தனை பேர்தான் ஏற வேண்டும். ஓடும்போது ஒவ்வொருவரும் இருக்கைப் பட்டை அணிய வேண்டும். கட்டில் இருக்கிறதே என்று ஓடும் வண்டியில் குழந்தையைப் படுக்க வைக்கக்கூடாது.

இனி பிரேக். குருணிலிருந்து குனோங் ஜெராய் ஏறியவர்களுக்குத் தெரியும், அது 1,200 மீட்டருக்கு மேல் உயர்ந்த மலை. ஏறுவதற்கு இயந்திரம் போதும். இறங்குவதற்குப் பிரேக் வேண்டும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏறிய எண்ணெய் குறைந்த சூட்டிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அப்போது மிதிகட்டை பஞ்சுபோல் உள்ளே போகும், வண்டி நிற்காது. பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை இந்த எண்ணெயை முழுவதும் மாற்ற வேண்டும், வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும். மலை இறங்கும்போது தாழ்ந்த கியரில் இறங்குங்கள். பிரேக்கை விடாமல் அழுத்திக்கொண்டே வராதீர்கள்.

இயந்திரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். சக்கர வீட்டில் இரண்டு பொருள்கள் உள்ளன: ஒன்று லோரி, மற்றது வீடு. எங்கள் வண்டியின் லோரிப் பகுதிக்கு உதிரிப்பாகம் கிடைப்பதில் தொல்லையில்லை. காய்கறி ஏற்றும் லோரிக்கு உள்ள அதே பெல்ட், அதே வடிகட்டி. வீட்டுப் பகுதியின் கதவுப் பூட்டுக்கும் தண்ணீர்ப் பம்புக்கும்தான் அலைந்தோம். பழைய பாகத்தைத் தூக்கி எறியாமல் கையில் கொண்டுபோய் அளவு பார்த்து வாங்கப் பழகினோம். ரேடியேட்டர் குழாய்களை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பிருந்தாலும், கொழகொழவென்று இருந்தாலும் மாற்றிவிடுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. டீசல் தொட்டி பாதி காலியாக நின்றால் உள்ளே காற்றின் ஈரம் நீராகப் படியும். நிறுத்துவதற்கு முன் தொட்டியை நிரப்புங்கள். வடிகட்டியின் அடியில் தேங்கும் நீரை அவ்வப்போது வடித்துவிடுங்கள்.

காலையில் வண்டியை முடுக்கி ஐந்து நிமிடம் உறுமவிட்டு நிறுத்துவது நம்மில் பலருக்குப் பழக்கம். அது நன்மை அன்று. இயந்திரம் முழுச்சூடு அடையாததால் எண்ணெயிலும் புகைக்குழாயிலும் ஈரம் தங்கிவிடும். பேட்டரியும் இழந்ததைத் திரும்பப் பெறாது. மாதம் ஒருமுறை அரைமணி நேரமாவது சாலையில் ஓட்டுங்கள். டயர் நெளியும், பிரேக்கின் துரு அகலும், பேட்டரி ஓரளவு ஏறும். குளிரூட்டியையும் பத்து நிமிடம் ஓடவிட்டால் அதன் அடைப்பு வளையங்கள் காயாமல் இருக்கும்.

பழைய சக்கர வீட்டின் பெரிய எதிரி மழைநீர். கூரையின் இணைப்புகளில் பூசிய பசை ஆண்டுகள் ஆக வெடிக்கிறது. எங்கள் வண்டி முன்பு நின்றது பால் மரங்களுக்கு அடியில். ஆண்டுத் தொடக்கத்தில் இலை உதிரும் காலத்தில் சருகு விழுந்து கூரையின் வடிகாலை அடைத்து, நீர் தேங்கி, இணைப்பு வழியே உள்ளே இறங்கியிருக்கிறது. மேலே புதுச்சாயம், உள்ளே புதுத்திரை. நடுவில் பலகை அழுகிக் கிடந்தது! சுவரையும் தரையையும் தேங்காயைத் தட்டிப் பார்ப்பதுபோல் தட்டிப் பாருங்கள். நல்ல பலகை கணீரென்று பேசும். அழுகியது ஊமையாக இருக்கும். கசிவைக் கண்டுபிடிக்க ஒருவர் வெளியே குழாய் நீரைக் கீழிருந்து மேலாக மெதுவாகப் பாய்ச்ச வேண்டும். மற்றவர் உள்ளே கைவிளக்கோடு பார்க்க வேண்டும். நீர் நுழையும் இடமும் சொட்டும் இடமும் ஒன்றாக இருப்பதில்லை. கசிவு கண்ட இடத்தில் பழைய பசையின் மேலேயே புதுப்பசையை அப்பாதீர்கள். பழையதைச் சுரண்டி, துடைத்து, நன்றாகக் காயவிட்டுப் பிறகே பூச வேண்டும். சீவும் மரத்துக்கு மழைக்காப்புக் கட்டியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

மின்சாரத்தில் ஓர் எளிய கணக்கு உண்டு. 240 வாட் கருவி வீட்டின் 240 வோல்ட் மின்சாரத்தில் ஓடினால் ஓர் ஆம்பியர்தான் இழுக்கும். அதே அளவுக் கருவி வண்டியின் 12 வோல்ட்டில் ஓடினால் 20 ஆம்பியர் இழுக்கும். வீட்டு விளக்குக்குப் போடும் மெல்லிய கம்பியை வண்டியில் போட்டால் அது அடுப்புக்கம்பியாகிவிடும். உருகி எரிந்தால் அதே அளவு உருகியைப் போடுங்கள். சிகரெட் தாளைச் சுற்றும் கெட்டிக்காரத்தனம் வேண்டாம். நிற்கும் வண்டியின் கம்பியை எலி கடிக்கும் என்பதால் புறப்படும் முன் கம்பிகளைப் பார்த்துவிடுங்கள். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட் காட்டும். 12 வோல்ட் என்றால் பெரும்பாலும் காலி என்று பொருள். அப்படியே விட்டால் அதன் தகடுகள் பாழாகும்.

தாய்மார்கள் இப்போது சற்றுக் கூர்ந்து கேட்க வேண்டும். சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாமல் தரையில் தேங்கும். அதனால்தான் இத்தகைய வண்டிகளில் உருளை வைக்கும் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துளை வைத்திருக்கிறார்கள். கரப்பான் வருகிறது, குளவி கூடு கட்டுகிறது என்று அதை அடைத்துவிடாதீர்கள். கம்பி வலை போடுங்கள். ரப்பர்க் குழாய்க்கும் வயது உண்டு. வெடிப்புக் காணுமுன் மாற்றுங்கள். கசிவைச் சோதிக்கச் சோப்பு நீர் போதும். குமிழி வந்தால் கசிவு. தீக்குச்சி கொளுத்திப் பார்ப்பது உயிரைப் பணயம் வைப்பது. வண்டி ஓடும்போது உருளையின் வால்வு மூடியே இருக்க வேண்டும்.

எரிவாயுவுக்காவது வாடை உண்டு. வாடையே இல்லாத எமன் ஒன்று இருக்கிறது. அதன் பெயர் கார்பன் மோனாக்சைடு. இயந்திரத்தின் புகையிலும் ஜெனரேட்டரின் புகையிலும் அது இருக்கிறது. நம் இரத்தம் பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கு மேல் ஆவலோடு அதைப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, மயக்கம், குமட்டல் வரும். பயணக் களைப்பு என்றும் கடைச்சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் நினைத்துப் படுத்துவிடுவோம். படுத்தவர் எழாமலே போகலாம். பழைய வண்டியில் புகைக்குழாய் துருப்பிடித்திருக்கும். தரையிலும் ஓட்டை இருக்கும். ஆகவே புழுக்கமாக இருக்கிறதே என்று குளிரூட்டிக்காக இயந்திரத்தையோ ஜெனரேட்டரையோ ஓடவிட்டு உள்ளே தூங்கவே கூடாது. சக்கர வீட்டுக்கு மட்டுமன்று, ஓய்விடத்தில் நிறுத்திய காருக்கும் இதே எச்சரிக்கை. இந்த வாயுவை உணர்ந்து ஒலிக்கும் சிறு கருவி கடைகளில் கிடைக்கிறது. திரைச்சீலைக்கு முன் அதை வாங்குங்கள். ஒரே நேரத்தில் உள்ளே இருக்கும் பலருக்குத் தலைவலி கண்டால், எல்லாரையும் திறந்த வெளிக்குக் கொண்டுவாருங்கள். இயந்திரத்தை நிறுத்திக் கதவுகளைத் திறந்துவிட்டு, 999 எண்ணை அழையுங்கள்.

இன்னொன்று. வேனின் இருக்கையைக் கழற்றிக் கட்டில் போட்டு, "இதுவும் சக்கர வீடுதான்" என்று ஓட்டுவது சட்டத்துக்குப் புறம்பாகலாம். வண்டியின் அமைப்பை மாற்றுவதற்குச் சாலைப் போக்குவரத்துத் துறையின் அனுமதி வேண்டும். பழையதை வாங்குவோர், பதிவுத்தாளில் உள்ள விவரமும் கண்ணெதிரே நிற்கும் வண்டியும் ஒத்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே பணம் கொடுக்க வேண்டும். ஒத்திராவிட்டால் விபத்து நேரும்போது காப்புறுதியிலும் சிக்கல் வரலாம்.

இவ்வளவு தொல்லை எதற்கு, பழையதை விட்டுவிடலாமே என்று தோன்றும். அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1973 முதல் 1978 வரை ஒரு சொகுசுச் சக்கர வீட்டைச் செய்தது. முன்சக்கரங்களால் இழுபடும் வண்டி. பின்பக்கத்தில் காற்றுப்பைகள் பாரத்தைத் தாங்கின. பன்னீராயிரத்துக்கும் மேல் செய்த பின் அதைக் கைவிட்டார்கள். நிறுவனம் கைவிட்ட வண்டியை அதன் உடைமையாளர்கள் கைவிடவில்லை. எந்தப் பாகம் எப்போது பழுதாகிறது, எதற்கு எது மாற்றாகும் என்று எழுதி வைத்து, ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தார்கள். அவற்றுள் பல இன்றும் ஓடுகின்றன. பழையதை வாழ வைப்பது பணம் மட்டுமன்று. எழுதி வைக்கும் பழக்கமும்தான்.

அந்தப் பழக்கம் நமக்குப் புதிதா என்ன? தோட்டத்தில் செக்ரோல் இருந்தது. இன்று யார் வேலைக்கு வந்தார், யார் வரவில்லை என்று கிராணி நாள்தோறும் குறித்தார். நம் உழைப்பைக் கணக்குப் பார்த்த அந்த ஏட்டைப்போல் ஒன்றை நாங்கள் வண்டிக்கும் வைத்திருக்கிறோம். மாதந்தோறும் அரைமணி ஓட்டம், டயர்க் காற்று, பேட்டரி வோல்ட், கசிவு. மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூரை வடிகால், எரிவாயுக் குழாய், புகைக்குழாய். ஆண்டுக்கு ஒருமுறை இயந்திர எண்ணெய், வடிகட்டி, பெல்ட், டயரின் வயது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் எண்ணெய். செய்தவர் பெயரும் தேதியும் எதிரே இருக்கும். நான்கு குடும்பமும் முறை வைத்துச் செய்கிறோம். முன்பு "அவர் பார்த்திருப்பார்" என்று ஒவ்வொருவரும் நினைத்ததால்தான் யாருமே பார்க்கவில்லை.

வாங்க நினைப்பவர்களுக்கு எங்கள் ஆலோசனை இதுதான். கையில் உள்ள பணம் முழுவதையும் விலைக்கே கொடுத்துவிடாதீர்கள். நாங்கள் பட்டது போதும். பழுதுபார்க்கவென்று ஒரு பங்கை ஒதுக்கி வையுங்கள். அந்தப் பங்கில் முதற்செலவு வண்டி நிற்பதற்கு, அதாவது டயருக்கும் பிரேக்குக்கும். இரண்டாவது உள்ளே தூங்குவோர் விழிப்பதற்கு, அதாவது புகைக்கும் எரிவாயுவுக்கும் மின்கம்பிக்கும். மூன்றாவது மழை வராமல் இருப்பதற்கு. அழகு கடைசியில் வரட்டும்.

அந்தத் தைப்பூசத்துக்கு நாங்கள் தண்ணீர்மலை போய்ச் சேரவில்லை. இழுவை லோரியின் பின்னால் வீடு திரும்பினோம். அடுத்த ஆண்டு புறப்படும் முன் செக்ரோலைத் திறந்து, ஒவ்வொரு வரிக்கும் எதிரே கையெழுத்து இருக்கிறதா என்று எங்கள் வீட்டுப் பெண்கள்தான் படித்துப் பார்த்தார்கள். ஒரு வரி காலியாக இருந்தது: எரிவாயுக் குழாய். சோப்பு நீர் கரைத்துப் பார்த்து, கையெழுத்துப் போட்ட பிறகுதான் பிள்ளைகளை வண்டியில் ஏறவிட்டார்கள்.